பச்சைப் பொத்தான்

அத்தியாயம் 11

ஞாயிற்றுக்கிழமை காலை மதலேனா பாட்டுப் பாடிக்கொண்டே தரை துடைத்தாள். அவள் பாடி நாலைந்து வருடம் ஆகியிருக்கும். பாதிப் பாட்டு முடிந்த பிறகுதான் அவளுக்கே அது உறைத்தது.

காரணம் சாப்பாட்டு மேசைமேல் இருந்தது. சிங்கப்பூரின் மேற்குக் கோடியில், அண்ணன் பெர்னார்ட் சூப்பர்வைசராக இருக்கும் பூன் லே தொழிற்சாலையின் வேலை விண்ணப்பப் பாரம். இன்று கையெழுத்துப் போட்டு அண்ணனிடம் கொடுத்தால், நாளைக் காலை ஆறு மணிக்குக் கம்பெனி பஸ் இவர்கள் வீடு இருக்கும் தோ பாயோவுக்கே வந்து ஏற்றிக்கொள்ளும். ஏழு முதல் மூன்று வரை ஷிப்ட். முப்பத்தாறு வயதில் மறுபடியும் ஒரு நீலச் சட்டை, கழுத்தில் ஒரு அட்டை, கேன்டீனில் பத்துப் பெண்களோடு உட்கார்ந்து வம்பு பேச அரை மணி நேரம். இதற்கு மேல் சொர்க்கத்தில் என்ன இருக்கப் போகிறது என்று அவளுக்குத் தோன்றியது.

அம்மா ரோசம்மாவுக்குப் பக்கவாதத்தில் இடப் பக்கம் விழுந்து ஆறு வருடம் ஆகிறது. அன்று டிவி தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு வந்தவள் மதலேனா. அப்பா மரியஅந்தோணி அதற்கு முன்பே இறந்துபோயிருந்தார். பெர்னார்ட் பூன் லேயில் மனைவி மக்களோடு இருந்தான். இரண்டு பிள்ளைகளில் கல்யாணம் ஆகாதது எதுவோ அதுதான் அம்மாவைப் பார்க்க வேண்டும் என்று எந்த வேதத்திலும் எழுதவில்லை. ஆனால் எல்லோரும் அதைப் படித்த மாதிரிதான் பேசினார்கள்.

பெர்னார்ட் தன் பங்குக்கு வீட்டையே இயந்திரமாக்கினான். சென்ற வருடம், எண்பத்து நான்கில், சிம் லிம் டவரிலிருந்து பெரிய கம்பெனிக் கம்ப்யூட்டரைப் பார்த்துச் செய்த ஒரு மலிவு நகல் கம்ப்யூட்டரை வாங்கி வந்து திரு இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே வைத்தான். அதிலிருந்து வீடு முழுக்க ஒயர். அம்மாவின் மின்விசிறி காலை பத்துக்குத் தானாகச் சுற்றும், விடியற்காலையில் தானாக நிற்கும். அவளுடைய நல்ல கைப் பக்கம் ஒரு பலகையில் நாலு சுவிட்ச்: விளக்கு, விசிறி, ரேடியோ, மணி. முதல் நாள் ரோசம்மா விளக்கை நாற்பது தடவையாவது போட்டுப் போட்டு அணைத்திருப்பாள். யார் தயவும் இல்லாமல் ஒரு காரியம் செய்த சந்தோஷத்தில் அவள் சிரித்த சிரிப்பை மதலேனா மறக்கவில்லை.

லூர்து மாதா கோவிலில் தமிழ்ப் பூசை முடிந்ததும் ஆட்கள் பெர்னார்டைச் சூழ்ந்துகொண்டார்கள். பெற்றால் இப்படி ஒரு பிள்ளையைப் பெற வேண்டும் என்றார்கள். எந்த ஒயர் எங்கே போக வேண்டும் என்று படம் வரைந்து கொடுத்தது அவன்தான், இல்லை என்று சொல்லவில்லை. அந்தப் படத்தைப் பார்த்து அடுப்படி மேசையில் உட்கார்ந்து ஒவ்வொரு ஒயராக ஈயம் உருக்கிப் பற்ற வைத்தது மதலேனா. அவளைப் பெற்றதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

மணியில்தான் விஷயமே இருந்தது. அம்மா சுவிட்சைத் தட்டினால் அடுப்படியில் மணி அடிக்கும். யாராவது வந்து கட்டில் தலைமாட்டில் உள்ள பச்சைப் பொத்தானை அமுக்கும் வரை அடித்துக்கொண்டே இருக்கும். கூப்பிட்ட நேரம், வந்த நேரம் இரண்டையும் கம்ப்யூட்டர் குறித்து வைத்துக்கொள்ளும். ஞாயிறு தோறும் பெர்னார்ட் வந்து அதைத் தாளில் எடுத்துப் படிப்பான். தொழிற்சாலையில் எந்த மெஷின் எத்தனை நிமிடம் நின்றது என்று தினமும் தாள் படிக்கிறவன் அவன். வீட்டிலும் அதே கண்ணாடி, அதே பென்சில்.

மூன்று வாரத்துக்கு முன் அந்தத் தாள் செய்த கூத்து நினைவிருக்கும். செவ்வாய்க்கிழமை அம்மா கூப்பிட்டது இரண்டு பத்துக்கு, பதில் இரண்டு ஐம்பத்தொன்றுக்கு. நாற்பத்தொரு நிமிடம். தேக்கா சந்தைக்கு மீன் வாங்கப் போனவளுக்குத் திரும்ப பஸ் கிடைக்கவில்லை. அம்மாவின் கட்டிலுக்கு முன்னால் நிற்க வைத்து, "இந்த டவுன்டைமுக்கு என்ன ரீசன்?" என்று, மெஷின் நின்ற நேரத்துக்குக் கணக்குக் கேட்கிற மாதிரியே அண்ணன் கேட்டதும், மதலேனா அடுப்படிக்குப் போனதும் நினைவிருக்கும்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் அதிசயம். நாளுக்கு இருபத்திரண்டு தடவை அடித்த மணி பதினைந்தாகி, ஒன்பதாகி, இப்போது நாலில் வந்து நின்றது. நாலும் பெட்பேனுக்கு. அம்மாவுக்கு உடம்பு தேறி வருகிறது என்றான் பெர்னார்ட். எதிர்வீட்டுக் கண்மணி மணிச் சத்தத்துக்குக் காது கொடுத்திருந்தால் போதும், மதலேனா வேலைக்குப் போகலாம் என்று அந்தத் தாளை வைத்துத்தான் முடிவு செய்தான். மதலேனாவும் நம்பினாள். நம்பினால் வேலை கிடைக்கும் என்றால் யார்தான் நம்ப மாட்டார்கள்?

எட்டு மணிக்குக் கண்மணி வந்தாள். ஐம்பது வயது, பெரிய உடம்பு, பெரிய மனசு, சின்ன வாய். ரோசம்மாவை முழுசாகப் புரட்டி முதுகு துடைக்க இரண்டு பேர் வேண்டும் என்பதால் ஞாயிறு தோறும் அவள் வருவது வழக்கம். போன வாரம் மட்டும் மலாக்காவில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டாள். மற்ற நாட்களில் மதலேனா ஒருத்தியாக முன்பக்கம் துடைத்து, துணியை உருவி மாற்றுவதோடு சரி; பெட்பேனையும் குனிந்து பார்க்காமல் வலப் பக்கமாகவே தள்ளி எடுப்பாள்.

இரண்டு பேரும் மூன்று எண்ணிப் புரட்டினார்கள். முதலில் வாடைதான் வந்தது. இடது இடுப்புக்குக் கீழே ஐம்பது காசு அகலத்துக்குத் தோல் போயிருந்தது. நடுவில் கறுப்பு, சுற்றிலும் சிவப்பு.

கண்மணி மதலேனாவைப் பார்த்தாள். மதலேனா வாளித் தண்ணீரைப் பார்த்தாள்.

ஆஸ்பத்திரியில் அவ்வளவு தூரம் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை சாய்த்துப் போட வேண்டும், தலையணை முட்டுக் கொடுக்க வேண்டும். இயந்திரம் வருகிற வரை மதலேனா கடிகாரம் பார்த்து அதைச் செய்துகொண்டுதான் இருந்தாள். மணி வந்த பிறகு கடிகாரத்தை விட்டுவிட்டாள். வேண்டுமானால் அம்மா கூப்பிடுவாள் என்று இருந்தாள். மணி அடிக்காத நேரமெல்லாம் அம்மாவுக்கு ஒன்றும் வேண்டாத நேரம் என்று ஆகிப்போயிற்று.

ஏன் கூப்பிடவில்லை என்று அம்மாவிடம் கேட்டாள். ரோசம்மா சுவரைப் பார்த்தபடி பேசினாள். வாய் ஒரு பக்கம் இழுத்தாலும் சொல் தெளிவாகத்தான் வரும்.

"கூப்பிட்டா அது எழுதிடுதுலா. உங்கண்ணன் வந்து உன்னயத் திட்டறான். நான் எதுக்கு உனக்கு எதிரா சாட்சி சொல்லணும்?"

அம்மா அதோடு விட்டிருந்தால் மதலேனா அழுது தீர்த்திருப்பாள். அம்மா விடவில்லை.

"அதோட, கூப்பிட்டாலும் நீ எங்க வர்றே? ஓடி வந்து அந்தப் பொத்தான அமுக்கறே. இரும்மான்னு சொல்லிட்டுத் திரும்ப ஓடிடறே. என் மூஞ்சியப் பாத்து எத்தன நாளாச்சு?"

அது பொய்யில்லை. அந்த நாற்பத்தொரு நிமிடக் கூத்துக்குப் பிறகு மதலேனா கண்டுபிடித்த வழி அது. கண்டுபிடித்தது என்றுகூடச் சொல்ல முடியாது, டிவி தொழிற்சாலையில் எல்லாப் பெண்களுக்கும் தெரிந்த வித்தைதான். லைன் நின்று சிவப்பு விளக்கு எரிந்தால் முதலில் ஓடிப்போய் விளக்கை அணைத்துவிட வேண்டும். பழுதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். சூப்பர்வைசர் எண்ணுவது விளக்கு எரிந்த நிமிடத்தை மட்டும்தான். அடுப்பில் பால் பொங்கும்போதும், தலைக்குச் சோப்புப் போட்டிருக்கும்போதும், மதலேனா அப்படித்தான் ஓடி வந்து பச்சைப் பொத்தானை அமுக்கிவிட்டு ஓடினாள். தாளில் எல்லாம் நாற்பது வினாடி, ஐம்பது வினாடி என்று அழகாக விழுந்தது. தண்ணீர் கேட்டவளுக்குத் தண்ணீர் கால் மணி நேரம் கழித்து வந்தது, சில நாள் மறந்தே போனது. கடைசியில் ரோசம்மா தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டாள். குடித்தால் பெட்பேனுக்கு மறுபடியும் கூப்பிட வேண்டுமே.

இந்த மூன்று வாரமும் மணிச் சத்தம் குறையக் குறைய மதலேனா மதியத்தில் கொஞ்சம் தூங்கினாள். ரேடியோவில் நாடகம் கேட்டாள். நிம்மதியாக இருந்தாள். அந்த நிம்மதியை இப்போது நினைக்க அவளுக்கே கூச்சமாக இருந்தது.

புண்ணைக் கழுவி, மருந்து போட்டு, சுத்தமான துணி வைத்துக் கட்டினார்கள். அடுப்படியில் கை கழுவும்போது கண்மணி வாயைத் திறந்தாள்.

"மணி அடிச்சா ஓடி வர்றேன்னு உங்கண்ணன்கிட்ட ஒத்துக்கிட்டேன். அடிக்கவே அடிக்காத ஆளுக்கு நான் எப்படி வர்றது?"

உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. சொன்னால் வேலை போகும், சொல்லாவிட்டால் அம்மா போய்விடுவாள். மதலேனா மேசைமேல் இருந்த பாரத்தைப் பார்த்தாள். பிறகு அவள் சொன்ன வார்த்தைகள் சொல்லும்போதே அவளுக்குக் கசந்தன. ஒரே ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள் அக்கா, இன்றைக்கு அண்ணனிடம் வாய் திறக்க வேண்டாம், வேலை நிரந்தரமானதும் நானே ஏதாவது ஏற்பாடு செய்கிறேன் என்று கெஞ்சினாள்.

கண்மணி ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். தான் சொல்லப் போவதில்லை, சொல்வதும் சொல்லாததும் அவள் பாடு என்றாள். வாசல் வரை போய்த் திரும்பினாள்.

"ஆனா அந்தப் புண்ணுக்கு ஒரு மாசம் பொறுக்கத் தெரியாது, மதலேனா."

பெர்னார்ட் பதினொரு மணிக்கு வந்தான். பூசை முடிந்து தேக்காவில் இறங்கி மூன்று பொட்டலம் பிரியாணி வாங்கி வந்திருந்தான். அம்மாவின் நெற்றியில் சிலுவை போட்டு முத்தம் கொடுத்தான். விசிறியின் சத்தம் ஒரு மாதிரி இருக்கிறதே என்று அண்ணாந்து பார்த்தான். அவனுக்கு அம்மாமேல் பாசம் இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. எத்தனையோ சனிக்கிழமைகளில் குடும்பத்தை விட்டுவிட்டு இங்கே வந்து ஸ்டூல்மேல் ஏறி நின்று ஒயர் இழுத்தவன். அவனுக்குத் தெரிந்த பாசம் ஒயர் வழியாகத்தான் போகும், கை வழியாகப் போகாது.

நேராகக் கம்ப்யூட்டருக்குப் போனான். அது சூடாகக் கூடாது என்று அதற்கென்று தனியாக ஒரு மேசை விசிறி வைத்திருந்தான். அந்த விசிறி இரவும் பகலும் ஓடும். நேரக் கணக்கெல்லாம் அம்மாவின் விசிறிக்குத்தான். பிரிண்டர் கரகரவென்று ஓரத்தில் துளை போட்ட தாளைக் கக்கியது. பெர்னார்ட் பென்சிலை எடுத்து வரிவரியாக டிக் அடித்தான்.

நாலு, நாலு, மூன்று, நாலு. எல்லாப் பதிலும் ஒரு நிமிடத்துக்குள். கோவிலில் யாரோ ஒருவர் தன் தகப்பனாருக்கும் இதே மாதிரி செய்து தர முடியுமா என்று கேட்டாராம். அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் அப்படி ஒரு ஒளி. தங்கையிடம் அன்றைக்குக் கடுமையாகப் பேசியதற்கு வருத்தப்படுகிறேன் என்றும் சொன்னான். ஆனால் பேசியதால்தானே இந்த முன்னேற்றம் என்றும் சேர்த்துக்கொண்டான்.

மதலேனா தலையை ஆட்டினாள். பிரியாணியைத் தட்டில் வைத்தாள். அவன் நீட்டிய பேனாவையும் வாங்கிக்கொண்டாள்.

"அம்மா, நாளையிலேர்ந்து மதலேனா வேலைக்குப் போறா. நீங்க இருந்துக்குவீங்களா?" என்று அவன் கட்டில் பக்கம் திரும்பிக் கேட்டான்.

"எனக்கு என்னப்பா குறை? அவ போகட்டும்."

மதலேனா பாரத்தில் பாதிப் பெயர் எழுதினாள். எழுதிக்கொண்டே நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். அம்மா சொன்னது சரிதான், அந்த முகத்தைப் பார்த்து நாளாகியிருந்தது. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. உதடு வறண்டு பாளம் பாளமாக வெடித்திருந்தது. அந்த உதட்டின் நல்ல பாதி மகளுக்காகச் சிரித்துக்கொண்டிருந்தது.

பேனாவை வைத்துவிட்டு எழுந்தாள். அண்ணனைக் கட்டிலுக்குக் கூப்பிட்டாள். அம்மா தலையை வேகமாக ஆட்டியும் கேட்காமல், சாய்த்துப் பிடித்து, துணியை விலக்கிக் காட்டினாள்.

பெர்னார்ட் மூன்று வினாடிக்கு மேல் பார்க்கவில்லை. முகம் வெளுத்துவிட்டது. கண் கலங்கியதும் உண்மைதான். ஆனால் கண்ணைத் துடைத்த கை நேராகத் தாளுக்குத்தான் போனது.

"எல்லா மணிக்கும் ஒரு நிமிஷத்துல நீ வந்துருக்கேன்னு தாள்ல இருக்கே. வந்தா பாத்திருப்பேலா. அப்புறம் எப்படி இது?"

மதலேனா சொன்னாள். பொத்தான் முதலில், அம்மா பிறகு என்று ஒளிக்காமல் சொன்னாள். அம்மா ஏன் கூப்பிடுவதை நிறுத்தினாள் என்பதையும் சொன்னாள்.

"அப்ப இந்த ரெக்கார்ட் பூரா பொய். ஏமாத்தியிருக்கே."

ஆமாம், ஏமாற்றித்தான் இருந்தாள். அதுதான் அவள் நெஞ்சை எரித்தது. ஆறு வருடத்தில் அண்ணன் சுமத்திய ஒரே நியாயமான குற்றம் இதுதான்.

பெர்னார்ட் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் ஒரு கட்டில் வரைந்தான். பிறகு முகம் தெளிந்தது. மெத்தைக்கு அடியில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு சுவிட்ச் வைத்துவிடலாம் என்றான். அம்மா ஒரே பக்கமாக இரண்டு மணி நேரம் கிடந்தால் தானாக மணி அடிக்கும், திருப்பிப் போட்டால்தான் நிற்கும், அப்போது யாரும் ஏமாற்ற முடியாது. ஒரு சனிக்கிழமை வேலைதான். அது சரியாகிற வரை மதலேனாவின் வேலையைக் கொஞ்சம் தள்ளிப் போடலாம், கம்பெனியில் தான் பேசிக்கொள்வதாகச் சொன்னான். சொல்லிக்கொண்டே பாதிக் கையெழுத்தோடு இருந்த பாரத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.

தாள் பைக்குள் போவதைப் பார்த்ததும் மதலேனாவுக்குள் ஏதோ அறுந்துவிட்டது.

"சுவிட்ச் வேணாண்ணே. நீங்க வாங்க. வாரத்துல மூணு நாள் வந்து நீங்க திருப்பிப் போடுங்க."

"எனக்கு வேலை இருக்குலா."

"எனக்கும்தான் இருந்துச்சு. இப்ப மடிச்சு வச்சீங்களே, அது."

அதற்குப் பிறகு இரண்டு பேரும் கட்டிலுக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் நின்று பேசினார்கள். சத்தம் ஏறவில்லை. அடுத்த வீட்டுக்குக் கேட்கக் கூடாது என்கிற மானம் இருவருக்கும் இருந்தது. அம்மாவை ஆறு மாதம் பூன் லேக்குக் கூட்டிப் போங்கள் என்றாள் மதலேனா. அங்கே லிப்ட் தன் மாடியில் நிற்காது, கட்டிலில் கிடப்பவரை எப்படி ஏற்றுவது என்றான் பெர்னார்ட். மூன்று மாதமாவது என்றாள். பிள்ளைகளுக்குப் பரீட்சை என்றான். ஒரு மாதம் என்றாள். மனைவியைக் கேட்க வேண்டும் என்றான். சரி, ஞாயிற்றுக்கிழமை முழுநாளும் நீங்கள் இங்கே இருங்கள், நான் எங்கேயாவது போகிறேன் என்றாள். அதற்கு அவன் கோவில் சங்கத்துக் கூட்டத்தைக் காரணம் காட்டினான். ஏலக் கடையில் விலை ஏறும். இங்கே இறங்கிக்கொண்டே வந்தது.

ஏலம் போன பொருள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நடுவில் கிடந்தது.

"போதும்," என்றாள் ரோசம்மா. "கண்மணியக் கூப்பிடு."

எதற்கு என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள். அன்று அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு கேள்வியில்தான்.

"கோவில் சாமியாருக்கு ஒரு போன் போடச் சொல்லணும். கன்னியாஸ்திரிங்க நடத்துற இல்லத்துல எனக்கு ஒரு எடம் இருக்கான்னு கேக்கட்டும். உங்கள்ல யாருகிட்ட சொன்னாலும், அவங்கதான் தள்ளிவிட்டாங்கன்னு ஆயிடும். அதான் கண்மணி."

கோபமாகச் சொல்லவில்லை. கடைக்குப் போகிறவளிடம் சாமான் சொல்கிற குரலில்தான் சொன்னாள்.

மதலேனா அண்ணனைப் பார்த்தாள். மூத்தவன், வேண்டாம் என்று அவன்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தாள். பெர்னார்ட் தங்கையைப் பார்த்தான். கூடவே இருந்து பார்த்துக்கொள்கிறவள் நீதானே, நீ சொல் என்பது மாதிரி இருந்தது அந்தப் பார்வை. அந்த ஒரு வார்த்தைக்காக மதலேனா தனக்குள் தேடினாள். தேடும்போது காலை ஆறு மணி பஸ்ஸும் நீலச் சட்டையும்தான் முதலில் கைக்கு வந்தன.

ரோசம்மா மகன் முகத்தையும் மகள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவசரப்படுத்தவில்லை. அவர்களுக்கு வேண்டிய நேரம் கொடுத்தாள்.

பெர்னார்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தான்.

மதலேனா கண்மணியைக் கூப்பிடப் போனாள்.